பதினெட்டாவது குழி

அருமனைக்கு வடக்கே, மட்டி வாழைகளின் நடுவே
முக்காலி போட்டு வெள்ளைப் பெட்டியை ஏற்றினேன்.
மூன்று கால்களுக்கும் கீழே உடைந்த ஓட்டுத் துண்டுகள்.
மண்ணில் ஒரு கம்பிகூட இறங்கவில்லை.

"கொசு பிடிக்கவாக்கும்?" என்றார் வின்சிலா.
ஈரம் அளக்க என்றேன்.
"மண்ணைத் தொடாமலா?"
தொடாமல்.

எங்கோ வெடித்த விண்மீன்களின் தூள்
காற்றில் மோதிச் சிதறி
தென்னோலை வழியாக, ஆஸ்பெஸ்டாஸ் வழியாக,
நம் இருவர் வழியாகவும்
மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது என்றேன்.
காய்ந்த மண் அதில் பாதியைத் திருப்பி எறியும்.
நீர் இருந்தால்
பிடித்து வைத்துக்கொள்ளும்.
திரும்பி வருவதைப் பெட்டி எண்ணும்.
எண்ணிக்கை குறையக் குறைய ஈரம் கூடுகிறது.

"அப்ப வராததை வச்சாக்கும் கணக்கு."
ஆமாம் என்றேன்.
நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

சொல்லாமல் விட்ட ஒன்றை மறுநாள் சொன்னேன்.
தொடாமல் அளக்கிற கருவிக்கு
தொட்டுப் பார்த்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்,
ஒரே ஒரு முறை.
மூன்று வட்டம், பதினெட்டுக் குழி,
ஒவ்வொன்றும் முழங்கை ஆழம்.
அள்ளிய மண்ணை டப்பாவில் அடைத்து
நாகர்கோவில் ஆய்வக அடுப்பில்
நூற்றைந்து டிகிரியில் ஒரு முழு நாள்.
எவ்வளவு எடை குறைகிறதோ அவ்வளவும் நீர்.

"வெள்ளத்தை அறிய வேவிக்கணுமா" என்றார்.
வெள்ளம் என்றால் இங்கே வெறும் தண்ணீர்தான்.
தருமபுரிக்காரி எனக்கு
அது ஒவ்வொரு முறையும் ஊரை அடித்துக்கொண்டு வந்தது.

பதினேழு குழி மதியத்துக்குள் முடிந்தது.
இரண்டில் செம்பாறை, ஒன்றில் பழைய செருப்பு.
நாடா காட்டிய பதினெட்டாவது புள்ளி
தென்மேற்கே, அயனி மரத்தின் அடியில்.

"அவிட வேண்டாம்."

ஒரு மீட்டர் தள்ளி?
"வேண்டாம் கேட்டியளா."

வாழை நடாத இடம்.
கல் இல்லை, சிலுவை இல்லை, புல்கூட இல்லை.
ஈர்க்கு விளக்குமாறு இழுத்த கோடுகள் மட்டும்,
அன்று காலையில் இழுத்தவை.
ஒரு கட்டில் அளவுகூட வராது.

துளைப்பானைத் துணியில் சுற்றினேன்.

இரவு போனில் மேலாளர்:
பதினேழுதானே வந்திருக்கிறது?
தாளில் 'காரணம்' என்ற கட்டத்தில்
பாறை என்று எழுதியிருந்தேன்.
அதை அடித்துவிட்டு
உரிமையாளர் வேண்டாம் என்றார் என்று எழுதினேன்.
எழுதியதும் அதுவே போதுமென்று பட்டது.

வியாழன் நடுச்சாமத்தில் மழை பிடித்தது.
குலசேகரம் லாட்ஜில் மின்சாரம் இல்லை,
போனில் எண்கள் மட்டும் ஒளிர்ந்தன.
ஆயிரத்து நூற்று நாற்பது.
ஆயிரத்து இருபது.
தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று.
அந்த வட்டத்துக்குள்
வாழைத்தண்டின் நீர் இருக்கிறது,
கிணறு, இரண்டு ஆடுகள்,
உறங்காமல் கிடந்தால் வின்சிலாவின் உடம்பிலுள்ள நீர்.
பெட்டிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.
அயனி மரத்தடியும் அந்த எண்ணுக்குள்தான்.
எவ்வளவு என்று கேட்டால்
என்னிடம் குழி இல்லை.

காலையில் போனபோது
அவர் விளக்குமாற்றோடு மரத்தடியில் நின்றார்.
கோடுகள் ஒன்றும் இல்லை.
சருகும் சேறும் ஒரு பச்சை அயனிக்காயும்.

"இப்பம் பெருக்கினா மண்ணு பறிஞ்சு வரும்.
உணங்கட்டு."
கொஞ்சம் பொறுத்து,
"எப்பம் உணங்கும்? உங்க பெட்டி சொல்லுமா?"

பெட்டியைப் பார்த்தேன்.
எண்ணூற்று எழுபத்தொன்று.
வானத்தையும் ஒரு தடவை பார்த்தேன், அது என் கணக்கில் இல்லை.

"ஞாயிறு ஆகும்" என்றேன்.

தலையாட்டிவிட்டு
விளக்குமாற்றை மரத்தில் சாய்த்துவைத்தார்,
ஈர்க்கு மண்ணில் படாமல்,
தலைகீழாக.